முள் விழுந்ததும் விளக்கு எரிந்ததும்: ஒரு ஸ்போர்ட்ஸ் காருடன் ஆறு ஆண்டுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடும் புதுச்சேரி முதலியார்பேட்டையில் அலுவலகமுமாக இருப்பவன் நான். 2019ஆம் ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய, இருவர் மட்டுமே அமரக்கூடிய பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இந்தச் சாலையில் ஓட்டி வருகிறேன். என்ஜின், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவை பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஆறு ஆண்டுகளில் என்னை அலைக்கழித்தவை இரண்டுதான்: டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிற என்ஜின் விளக்கும், பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளும்.

முள்ளின் கோளாறு முதலில் வந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும். முக்கால் அளவுக்கு இறங்கியதும் திடீரென்று பூஜ்யத்தில் விழும், பெட்ரோல் குறைவு விளக்கு எரியும், கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் எதுவும் நடவாதது போல் பழைய இடத்துக்கே ஏறி நிற்கும். சில மாதங்கள் கழித்து என்ஜின் விளக்கும் எரியத் தொடங்கியது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி பி0171 என்ற பிழைக் குறியீட்டைப் படித்தார்கள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். அந்தக் குறியீட்டை அழித்தும் கொடுத்தார்கள். முள்ளின் கோளாறுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது.

பி0171 என்பது ஒரு பாகத்தின் பெயரன்று. கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்ற நிலையை மட்டுமே அது சொல்கிறது. அந்த நிலையைக் கண்டுபிடித்துச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். தன் வேலையை ஒழுங்காகச் செய்த சென்சாரையே நாங்கள் கழற்றி எறிந்திருந்தோம். குறியீட்டை அழித்ததில் இன்னொரு நட்டமும் உண்டு. பிழை பதிவான நொடியில் என்ஜினின் வேகம், வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எடுத்து வைத்திருக்கும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ பதிவும் குறியீட்டுடன் சேர்ந்து அழிந்துவிடுகிறது. மேலும், இத்தகைய பிழைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு உறுதியான பிறகே விளக்கு எரிவது வழக்கம். ஆகையால், அழித்த உடனே விளக்கு அணைந்திருப்பதைப் பழுது தீர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவதாக நான் போனது ரெட்டியார்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம். “சார், லைட்டைப் பார்த்து பார்ட்டை மாத்தாதீங்க, நம்பரைப் பார்த்துட்டு மாத்துங்க” என்றார் அவர். அவர் குறிப்பிட்ட நம்பர் ஃப்யூவல் டிரிம், அதாவது கலவையைச் சரியாக வைத்திருக்க இசியூ எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற சதவீதக் கணக்கு. அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கூட்டல் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டிப் போனால் கவனிக்க வேண்டும். என் வண்டியில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, 22 சதவீதம் காட்டியது. 2500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தியதும் 6ஆகக் குறைந்தது. எங்கோ வெளிக்காற்று உள்ளே கசிகிறது என்பதற்கு இது அடையாளம். காற்றுக் கசிவு ஒரே அளவில் இருக்கும்போது, என்ஜின் குறைவாகக் காற்றை இழுக்கும் ஐடிலில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும், வேகம் கூடும்போது சிறுத்துவிடும். மாறாக, சுமை ஏற ஏற டிரிம் உயர்ந்திருந்தால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகித்திருப்போம். என்ஜினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக்கில் புகை செலுத்திப் பார்த்தபோது, என்ஜினுக்குப் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பத்தால் இறுகி வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாயின் அடியிலிருந்து புகை வந்தது. அந்தக் குழாயின் விலை சென்சாரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலப்பில்லாத பெட்ரோலில் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதக் கலப்பில் அது 14.1 அளவுக்கும், 20 சதவீதக் கலப்பில் 13.5 அளவுக்கும் இறங்குகிறது. ஆகவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மாறும்போது அதே காற்றுக்கு இசியூ 4 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகப் பெட்ரோலை விட்டாக வேண்டும். நல்ல நிலையில் உள்ள என்ஜின் இதை எளிதில் சமாளித்துவிடும். ஏற்கெனவே கசிவுள்ள என்ஜினையோ இந்தச் சிறு கூடுதலே விளக்கு எரியும் எல்லைக்குத் தள்ளிவிடக்கூடும். பழியை முழுவதும் எத்தனால் மீது போட்டுவிட்டுக் குழாயைப் பார்க்காமல் விடுவது தவறு என்பது என் கருத்து.

முள்ளின் கோளாறு இதிலிருந்து முற்றிலும் வேறானது. பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இந்த வண்டியின் டேங்க் குதிரைச் சேணம் போல் இடம், வலம் என இரண்டு பள்ளங்களாக இறங்கியிருக்கிறது. பள்ளத்துக்கு ஒன்றாக, பெட்ரோலில் மிதக்கும் மிதவையைக் (ஃப்ளோட்) கொண்டு அளவைக் காட்டும் இரண்டு ஃப்ளோட் சென்சார்கள் உள்ளன. பம்ப் வலப்பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கத்துப் பெட்ரோலை ஒரு ஜெட் பம்ப் இழுத்து வலப்பக்கத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். எனவே முள் முழுமையிலிருந்து பாதிக்கு இறங்கும் வரை உண்மையில் குறைவது இடப்பக்கம்தான். முக்காலில் முள் விழுகிறது என்றால் பழுது இடப்பக்கச் சென்சாரில், அதுவும் ஃப்ளோட் நடு உயரத்தில் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அந்த மெக்கானிக் டேங்க்கைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

திறந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மல்டிமீட்டரை இணைத்து ஃப்ளோட்டைக் கையால் மெல்ல உயர்த்தினால் மின்தடை சீராக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொடர்பு அறுந்து மீண்டும் வந்தது. அந்த இடத்தில்தான் தேய்மானம் அதிகம். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் வீடு திரும்பும் வழியில் முள்ளோடை பங்க்கில் பெட்ரோல் போடுவது கடலூர்க்காரர்கள் பலரின் வழக்கம். நானும் முக்காலுக்குக் கீழே இறங்கவிடாமல் வாரந்தோறும் நிரப்பிவந்தேன். ஆண்டுக்கணக்கில் ஃப்ளோட் அந்தச் சிறு எல்லைக்குள்ளேயே ஆடி ஆடி அதே தடத்தைத் தேய்த்திருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரிலும் கடற்காற்றால் களிம்பு ஏறியிருந்தது. அதையும் சுத்தம் செய்தோம்.

குழாயையும் இடப்பக்கச் சென்சாரையும் மாற்றிய பிறகு 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் விளக்கு ஒருமுறையும் எரியவில்லை, ஐடிலில் டிரிம் 4 சதவீதத்தில் நிற்கிறது. நிலையாக எரியும் மஞ்சள் விளக்குடன் நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம் என்பதையும், அது விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் நடக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும், உடனே வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும் என்பதையும் வண்டியை இரவல் கேட்கும் என் தம்பியிடம் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது மாதம் ஒருமுறை முள்ளைக் கால் அளவு வரை இறங்கவிட்டுப் பார்க்கிறேன். அதற்குக் கீழே இறக்குவதில்லை, ஏனெனில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். கடந்த இரண்டு முறையும் கால் அளவுக்குச் சற்று மேலே முள் ஒரு கணம் தயங்கி நின்றது. அந்தப் பகுதி வலப்பக்கச் சென்சாருக்கு உரியது. புதியது ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த சர்வீஸில் வலப்பக்க மூடியைத் திறக்கும்போது மாற்றச் சொல்லியிருக்கிறேன்.