யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவா, கிரைஸ்டேல் காடா: கூடாரத்தோடு போகும் இருவருக்கு எது?

போன ஜூனில் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா, இந்த ஜூனில் கிரைஸ்டேல் காடு. இரண்டுக்கும் நானும் என் கணவரும் ஒரே கூடாரத்தோடு போனோம், இரண்டு இடத்திலும் மூன்று மூன்று இரவு தங்கினோம். மலையேற்றம், சைக்கிள் என்று எதுவும் இல்லை. நிதானமாக நடப்பது, வெட்டவெளியில் நிற்கும் சிற்பங்களைப் பார்ப்பது, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவது, அவ்வளவுதான் திட்டம். திரும்பி வந்ததிலிருந்து மான்செஸ்டரில் தெரிந்தவர்கள் பலரும் "எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். கூடாரத்தோடு போவதாக இருந்தால் என் பதில் கிரைஸ்டேல். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிற்பங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் பதில் தலைகீழாக வரும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு இடத்திலும் சிற்ப வேலை தொடங்கியது 1977-இல். யார்க்‌ஷயர் பூங்கா வேக்ஃபீல்டு பக்கம், பிரெட்டன் ஹால் என்ற பழைய ஜமீன் மாளிகையின் 500 ஏக்கர் நிலத்தில் இருக்கிறது. எம்1 நெடுஞ்சாலையின் 38-ஆவது சந்திப்பில் இறங்கினால் சில நிமிடங்களில் வாசல். கிரைஸ்டேல், இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் கானிஸ்டன், விண்டர்மியர் ஏரிகளுக்கு நடுவே உள்ள அரசு வனம். எங்கள் வீட்டிலிருந்து முன்னதுக்கு ஒரு மணி நேரம், பின்னதுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஹாக்ஸ்ஹெட் தாண்டியதும் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டிய அளவுக்குத்தான் சாலை அகலம். பூங்காவுக்குள் போக டிக்கெட் உண்டு. காட்டுக்கு வண்டி நிறுத்தும் கட்டணம் மட்டும்.

சிற்பம் என்று பார்த்தால் யார்க்‌ஷயர்தான், சந்தேகமே இல்லை. ஹென்றி மூர் 1898-இல் பக்கத்து காஸில்ஃபோர்டில் பிறந்தவர். பார்பரா ஹெப்வொர்த் 1903-இல் வேக்ஃபீல்டிலேயே பிறந்தவர். நவீனச் சிற்பக்கலையின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே வட்டாரத்து மண்ணிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்கள் வேலையை அந்த மண்ணிலேயே பார்க்கிறோம். ஹெப்வொர்த் 1970-இல் செய்த 'மனிதக் குடும்பம்' ஒன்பது வெண்கல உருவங்கள் கொண்டது. ஒரு புல்சரிவில், ஒரு வீட்டார் வெளியே வந்து நிற்பதுபோல நிற்கின்றன. மூரின் பெரிய வெண்கலத்தின் அடியில் ஆடுகள் நிழலுக்குப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. தேவாலயத்தை ஒட்டி ஐ வெய்வெய்யின் இரும்பு மரம் துருவேறி நிற்கிறது. டேவிட் நாஷ் ஓக் மரத்தைக் கரித்து அமைத்த 71 படிகளில் நாம் ஏறியே போகலாம். மழை வந்தால் ஒதுங்க நல்ல காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. பாதி நாள் மழையில் போனாலும் அந்த நாள் வீணாகாது. கிரைஸ்டேலில் மழை வந்தால் மழைதான்.

இத்தனைக்குப் பிறகும் நான் காட்டின் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம், நேரம்.

கூடாரத்தில் தூங்கியவர்களுக்குத் தெரியும், ஜூன் மாதத்தில் இங்கே காலை நாலரைக்கெல்லாம் துணி வழியாக வெளிச்சம் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் பறவைகள் விடாது. ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்து, ஆறு மணிக்குள் காபி முடிந்துவிடும். சாயங்காலமும் அப்படித்தான், ஒன்பதே முக்கால் வரை சூரியன் இருக்கும், அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வெளிச்சம். ஹோட்டல் அறையில் தங்குகிறவர்கள் இழக்கிற இந்த இரண்டு பொழுதையும் கூடாரம் நமக்குத் தருகிறது. முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் படுப்பதற்குக் கிடைக்கும் கூலியே அதுதான்.

சிற்பத்துக்கும் அந்த இரண்டு பொழுதுதான் நல்ல பொழுது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையை விடிந்த கொஞ்ச நேரத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாய்வான வெயில் விழும்போது ஒவ்வொரு உருவமும் பாறையிலிருந்து எழுந்து வரும். உச்சிவெயிலில் அதே உருவங்கள் பாறைக்குள் திரும்பப் போய்விடும்.

யார்க்‌ஷயர் பூங்காவுக்குள் கூடாரம் போட முடியாது, கதவு திறப்பதும் காலை பத்து மணிக்குத்தான். நாங்கள் தங்கியது அரை மணி நேரக் கார் தூரத்தில் ஒரு பண்ணை முகாமில். நெடுஞ்சாலைக்குப் பக்கம் என்பதால் லாரிச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பதிவு செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை. ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டு மூன்றரை மணி நேரம் என்ன செய்வது? பாத்திரம் கழுவினோம், கயிறுகளை இழுத்துக் கட்டினோம், பிறகு காரில் ஏறினோம். உள்ளே நுழையும்போது வெயில் மேலே ஏறியிருந்தது. ஹெப்வொர்த்தின் ஒன்பது பேரையும் நாங்கள் பார்த்தது பன்னிரண்டு மணிக்கு. நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது, பச்சை பூத்த வெண்கலத்தின் துளைகளும் விளிம்புகளும் ஒரே தட்டையாகத் தெரிந்தன. சாயங்காலம் வெயில் சாயத் தொடங்குவதற்குள் பூங்காவை மூடிவிட்டார்கள். ஏழு மணிக்கு அந்தச் சரிவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே முகாமில் வெங்காயம் நறுக்கினேன்.

இதில் மனதுக்கு மிகவும் உறுத்தியது ஜேம்ஸ் டரெலின் வேலை. பதினெட்டாம் நூற்றாண்டில் மான்கள் ஒதுங்கக் கட்டிய கல் மண்டபத்தை எடுத்து, 2006-இல் கூரையில் ஒரு சதுரத் திறப்பு வைத்திருக்கிறார். சுற்றி உள்ள கான்கிரீட் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மேகம் போவது ஓவியம் அசைவதுபோல இருந்தது, நாற்பது நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு மிகவும் ஏற்ற பொழுது அந்திதான். வானம் நீலத்திலிருந்து கருநீலமாகும் அந்த வேளையில் ஜூன் மாதத்துப் பார்வையாளர் அங்கே இருக்க முடிவதில்லை.

இப்போது கிரைஸ்டேல். காட்டுக்குள்ளேயும் நினைத்த இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை, இங்கிலாந்தில் பொதுவாக நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஆனால் காட்டின் விளிம்பிலேயே முகாம் இருந்தது. எங்கள் கூடாரத்திலிருந்து நடைபாதைக்கு ஐந்து நிமிடம், பாதைக்குக் கதவு கிடையாது. மூன்று நாளும் கார் சாவியைத் தொடவே இல்லை.

இரண்டு இடத்திலும் ஒரே கலைஞரின் வேலை இருப்பதால் ஒப்பிடுவது எளிது. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி யார்க்‌ஷயரில் 2007-இல் 'தொங்கும் மரங்கள்' செய்தார். சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டும், இந்த ஊர் விவசாயிகளின் பழைய சுவர் முறையில் மூன்று கல் தொட்டிகள். ஒவ்வொன்றின் சுவருக்குள்ளும் பெரிய மரத்தண்டைக் குறுக்கே செருகி நிறுத்தியிருக்கிறார். அருமையான வேலை. நாங்கள் பார்த்தது இரண்டு மணிக்கு, சுற்றிலும் பதினைந்து பேர், ஒரு பள்ளிக்கூடக் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

கிரைஸ்டேலில் அவர் 1990-இல் செய்தது 'சுவரை நடக்க அழைத்துப்போதல்'. அதே அடுக்குக்கல் சுவர், ஆனால் இங்கே நேராகப் போக வேண்டிய சுவர் மரங்களுக்கு நடுவே பாம்புபோல வளைந்து வளைந்து போகிறது. முதல் நாள் சாயங்காலம் தேடி அலைந்து கண்டுபிடித்தோம். மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பிப் போய்விட்டோம். முன்னிரவு மழையில் பாதை ஈரம், பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. போய் நின்றபோது வெயில் கிழக்கிலிருந்து அடிமரங்களுக்கு இடையில் நுழைந்து சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது. கல்மேல் பாசி விரல்கணு உயரம் வளர்ந்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் பாசியிலிருந்து ஆவி எழும்பியது, வளைவின் உள்பக்கம் இன்னும் ராத்திரியாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஒரு வளைவைத் தாண்டி அடுத்த வளைவுக்குப் போனது. சுவர் நடக்கிறது என்று பெயர் வைத்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. "இங்க வாம்மா, மெதுவா" என்று என் கணவர் கிசுகிசுத்தார். அந்தப் பக்கம் ஒரு மான் சுவரை ஒட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குத் திரும்பி வந்து உப்புமா கிளறினோம். அந்த ஒன்றரை மணி நேரமும் வேறு ஓர் ஆளைக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாச் சிற்பங்களும் அப்படி அமையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்டில் இருப்பவை பலவும் மரம், கல், களிமண் என்று அங்கங்கே கிடைத்ததைக் கொண்டு செய்தவை. காலம் அவற்றைத் தின்ன விடுவதும் ஆரம்பத்திலிருந்தே அந்த இடத்தின் வழக்கம். வரைபடத்தை நம்பி ஒரு மைல் நடந்து போய்ப் பார்த்தால் உளுத்த கட்டைக் குவியல் ஒன்று கிடக்கும். அதுதான் சிற்பமா, வெட்டிப் போட்ட மரமா என்று தெரியாமல் நின்றதும் உண்டு. இதற்காகக் கிரைஸ்டேலைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. புரவி எடுப்பு முடிந்ததும் அய்யனார் கோயிலில் கொண்டுபோய் வைத்த மண்குதிரைகளை யாரும் கூரை போட்டுக் காப்பதில்லை. மழையில் காது உதிரும், அடுத்த வருடம் கால் போகும், பின்னாலேயே வேளார் செய்த புதுக்குதிரைகள் வந்து நிற்கும். முன்வரிசையில் வண்ணம் மின்னுகிற குதிரைகளும் பின்னால் மண்ணாகிக்கொண்டிருக்கும் குதிரைகளும் சேர்ந்துதான் அந்தக் கோயில். கிரைஸ்டேலில் அந்தக் கட்டைக் குவியல்மேல் காளான் முளைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது.

நடையைப் பற்றியும் கொஞ்சம். சிற்பங்களைத் தொட்டுப் போகும் நீண்ட பாதை சைலூரியன் வே, பதினைந்து கிலோமீட்டர் அளவு இருக்கும். நாங்கள் அதை ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டோம். 314 மீட்டர் உயரத்தில் கேரன் கிராக் என்ற உச்சி இருக்கிறது. எனக்கு ஒரு முழங்கால் சரியில்லை, ஆனாலும் நின்று நின்று ஏறிவிட்டேன். மேலே போனால் ஓல்டு மேன் மலை எதிரே. நடக்க முடியாதவர்களுக்கு ரிடிங் வுட் என்ற ஒரு மைல் பாதை போதும். சமதளம், வழியிலேயே சிற்பங்கள். நடை சுலபமாக இருக்க வேண்டும் என்றால் யார்க்‌ஷயர்தான் இன்னும் நல்லது. ஏரியைச் சுற்றி, புல்வெளி தாண்டி, தேநீர்க் கடையில் உட்கார்ந்து என்று போகலாம்.

கிரைஸ்டேலின் நிஜமான தொல்லை இரண்டு. ஒன்று, மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி. கொசுவைவிடச் சின்னது, காற்று நின்றதும் சாயங்காலம் கூட்டமாக வந்து காது மடலையும் தலைமுடியோரத்தையும் பிடுங்கிவிடும். தலைக்குப் போடும் வலை வாங்கிக்கொண்டு போங்கள். சமைக்கிறவருக்குத்தான் அது அதிகம் தேவை. இரண்டாவது மழை. மூன்று நாளில் ஒன்றரை நாள் பெய்தது. கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள்மேல் விரித்துக் காயவைக்க இரண்டு நாள் ஆனது. அப்படிக் காயவைக்காமல் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். யார்க்‌ஷயரில் எங்களுக்கு மழை வரவில்லை, அதனால் இந்த விஷயத்தில் என் ஒப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம்.

குளிர்காலத்தைப் பற்றியும் நான் பேச முடியாது, இரண்டு இடத்துக்கும் ஜூனில்தான் போயிருக்கிறோம். டிசம்பரில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே போகும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது பூங்காவின் நேரமும் வெளிச்சத்தின் நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், என் வாதம் முழுவதும் ஜூனுக்குத்தான் பொருந்தும் என்று என் கணவரே சொல்கிறார். இருக்கலாம். ஆனால் டிசம்பரில் நான் கூடாரத்தில் படுக்கப் போவதில்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கும், பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கும் நான் யார்க்‌ஷயரைத்தான் சொல்வேன். பத்து மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து இறங்குகிறவருக்குப் பத்து மணிக் கதவு ஒரு குறையே இல்லை.

அடுத்த ஜூனுக்குக் காட்டு விளிம்பில் அதே முகாமில் நான்கு இரவு சொல்லி வைத்தாகிவிட்டது. சுவரின் கடைசி வளைவுக்கு முன்னால் மேல்வரிசைக் கல் ஐந்தாறு சரிந்து பெரணிச் செடிக்குள் கிடந்தன. என் கணவர் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த வருடம் எத்தனை கல் சரிந்திருக்கும் என்பதை அதே இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார்.