திங்கள்சந்தை பக்கம் ஒரு பிரேக் ஷெட்டு, நம்பி போலாமா?

நம்ம வண்டி 2001 மாடல் மாருதி 800, குளச்சல்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி நிக்குது, உப்புக்காத்துல துரு புடிக்காத போல்ட்டே அதுல கெடையாது. போன மாசம் பேச்சிப்பாறை போயிட்டு எறங்கி வரும்போ வண்டி எடதுபக்கமா இழுக்க ஆரம்பிச்சுது, குலசேகரத்துல நிறுத்திப் பாத்தா முன் எடது வீல் பக்கம் கைய கொண்டுபோக முடியல, அவ்வளவு சூடு, கருகுன வாடை வேற. கொஞ்சநேரம் ஆறவிட்டு எடுத்தா ஒழுங்கா ஓடும், மறுபடி ரெண்டு தடவ பிரேக் புடிச்சா அதே கதை.

மொதல்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல பிரேக் பேடு, அத டிஸ்க்ல அழுத்திப் புடிக்கிற காலிப்பர் எல்லாம் மாத்தி 4,000 சொச்சம் வாங்குனாங்க, மூணே நாள்ல பழைய இழுவை. மச்சான் சொல்லித்தான் இங்க போனேன், போர்டு கூட இல்லாத தகர ஷெட்டு.

ஷெட்டு ஆசான் எதையும் கழட்டல. ஜாக்கி வச்சு வீலத் தூக்கிட்டு என்னைய பிரேக்க மிதிச்சு விடச் சொன்னாரு, கையால சுத்திப் பாத்தா வீலு அசையல. அப்புறம் காலிப்பர்ல பிரேக் ஆயில தொறந்து விடுற ப்ளீடர் நிப்பிள லேசா லூஸ் பண்ணாரு, ஆயில் சர்ருனு பீச்சிச்சு, வீலு விட்டுட்டு. "காலிப்பர் மேல குத்தமில்ல மக்கா, போன ஆயில் திரும்பி வரல, ஹோஸ் அடைச்சிருக்கு"ன்னாரு. ஹோஸுன்னா காலிப்பருக்கு ஆயில் போற ரப்பர் குழாய். நிப்பிளத் தொறந்தும் வீலு விடலன்னாதான் காலிப்பருக்குள்ள பேட தள்ளுற பிஸ்டன் ஜாமாம். பழைய ஹோஸ பிளேடால கீறிக் காட்டுனாரு, வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு, உள்ள ரப்பர் உப்பி குண்டூசி நுழைய எடமில்ல. நாம மிதிக்கிற அழுத்தத்துக்கு ஆயில் உள்ள போயிரும், திரும்பி வர அந்த அழுத்தம் ஏது.

முன்பக்கம் ரெண்டு ஹோஸும் ஜோடியா மாத்துனாரு, கட்டன்சாயா கலர்ல கெடந்த ஆயில மொத்தமா எறக்கி புதுசா டாட் 3 பிரேக் ஆயில் ஊத்தி, பின் எடது வீல்ல தொடங்கி நாலுலயும் ஆயில் லைன்ல நின்ன ஏர் எடுத்தாரு. பிரேக் ஆயில் ஈரத்த உறிஞ்சும், நம்ம ஊரு மழைக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருக்காதீங்க. எல்லாம் சேத்து 1,450 ரூவா.

குறை இல்லாம இல்ல. பில்லு கேட்டா சிரிக்காரு, காலையில விட்ட வண்டி சாயங்காலந்தான் கெடச்சுது, ஞாயித்துக்கெழம பூட்டு. இன்னொண்ணு, ஆயில் ஊத்தும்போ ஃபெண்டர்ல சிந்துனத அப்பவே கழுவல, ராத்திரி பாத்தா அந்த எடத்துல பெயிண்ட் பொரிஞ்சு வந்துட்டு. பின் வீல் டிரம் பிரேக் பாக்க அடுத்த மாசம் வரச் சொல்லிருக்காரு, கண்டிப்பா போவேன், ஆயில் சிந்துனா உடனே கழுவ கையில ஒரு பாட்டில் பச்சத்தண்ணியோட.