கோயம்புத்தூரில் குரோமோசோம் பரிசோதனை: இரண்டாண்டு வாடிக்கையாளரின் மதிப்பீடு

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் மனித ஸ்டெம் செல்களை வளர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். அவற்றின் குரோமோசோம்களைச் சரிபார்க்க, வாளையாருக்கு அப்பால் கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் மரபியல் பரிசோதனைக்கூடத்தை இரண்டு ஆண்டுகளாக நாடி வருகிறோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்த குறை அந்த ஒரு கூடத்தோடு நிற்பதன்று. எங்கே மாதிரி அனுப்பினாலும் அனுப்புகிறவர் கேட்டுத் தெளிய வேண்டிய ஒன்று.

முதலில் இந்தப் பரிசோதனை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த முதிர்ந்த செல்லை எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பும் முறையை ஷின்யா யாமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் செய்து காட்டினார். இந்தச் செல்கள் ஓயாமல் பெருகும். பெருகும்போது மரபுப் பிழைகள் நேர்வதும், அவற்றுள் உயிர்பிழைக்க உதவும் பிழையைச் சுமந்த செல் மற்றவற்றை நெருக்கித் தள்ளி வளர்ப்புத் தட்டையே பிடித்துக்கொள்வதும் உலகெங்கும் கண்ட உண்மை. பிழைகள் எல்லாக் குரோமோசோம்களிலும் சமமாக நிலைப்பதில்லை. 1, 12, 17, 20, எக்ஸ் ஆகியவற்றின் கூடுதல் பிரதிகளே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. ஜப்பானில் நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து விழித்திரைத் திசு செய்து பொருத்தும் சிகிச்சை ஆய்வு, இரண்டாம் நோயாளியின் செல்களில் மரபு மாற்றங்கள் தெரிந்ததால் 2015இல் நிறுத்தி வைக்கப்பட்டது. எங்களுடையது சிகிச்சைக்கூடம் அன்று, ஆனாலும் பிழையான செல்லை வைத்து ஆறு மாதம் உழைத்தால் அந்த ஆறு மாதமும் வீண்.

சேவையின் நல்ல பக்கம் உண்மையிலேயே நல்லது. உயிருள்ள செல்களைக் குடுவையில் விளிம்புவரை வளர்ப்பு ஊடகம் நிரப்பி, மூடியை இறுக்கி அனுப்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் வெயிலில் கூரியர் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நாங்கள் யோசிக்காமல் அனுப்பிய முதல் மாதிரி, தட்டை விட்டுக் கழன்று மிதந்தபடி போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே அழைத்து, இதில் இரண்டாகப் பிரியும் செல்கள் கிடைக்கா, கட்டணம் வேண்டாம், வேறு மாதிரி அனுப்புங்கள் என்றார்கள். கிடைத்த நாலைந்து செல்களை வைத்து அறிக்கை எழுதிப் பணம் வாங்கியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு காலை ரயிலில் நாங்களே குடுவையை மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

செய்முறையிலும் குறை சொல்ல இடமில்லை. கோல்செமிட் என்ற வேதிப்பொருள் கொடுத்துப் பிரியும் செல்களை நடுவழியில் நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் வீங்கவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, ஜீம்சாச் சாயம் ஏற்றிக் குரோமோசோம்களின் குறுக்கே தெரியும் பட்டைகளைப் படிக்கிறார்கள். ஸ்டெம் செல்களின் குரோமோசோம்கள் குட்டையாகவும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுந்து தொல்லை தருபவை. அங்குள்ள மூத்த பரிசோதகர் அம்மையார் அனுப்பும் படங்களில் ஒவ்வொரு பட்டையும் எண்ணும்படி தெளிவாக இருக்கும். சந்தேகம் கேட்டால் பொறுமையாகத் தமிழில் விளக்குவார்.

இனிக் குறை. சென்ற ஆண்டு எங்கள் செல் வரிசை ஒன்று முப்பத்தெட்டாம் பெயர்ப்பில் (தட்டு நிறைந்ததும் செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றுவது ஒரு பெயர்ப்பு) வழக்கத்தைவிட வேகமாகப் பெருகியது. ஊடகம் நன்றாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனால் நரம்புச் செல்லாக மாற்ற முயன்றபோது, பத்தாம் நாள் தட்டு முழுவதும் தெரிய வேண்டிய பாக்ஸ்6 புரதம் திட்டுத்திட்டாகவே தெரிந்தது. இரண்டு முறை திரும்பச் செய்தும் அதே நிலை. கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். பதினான்கு நாள் என்று சொன்ன அறிக்கை பத்தொன்பதாம் நாள் வந்தது: 20 செல்கள் பார்க்கப்பட்டன, 46 குரோமோசோம்கள், எக்ஸ்எக்ஸ், இயல்பு. அந்த ஒரு சொல்லை நம்பி மேலும் இரண்டு மாதங்கள் வினைப்பொருள்களை மாற்றி மாற்றிச் சோதித்தோம்.

அந்தச் சொல் பொய்யன்று. அதன் எல்லையை அறிக்கை சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். இருபது செல்களும் சரியாக இருந்தால், 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிழைச் செல்களின் கலப்பு இல்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு கூறலாம், அவ்வளவுதான். முப்பது பார்த்தால் அது 10 விழுக்காடு, ஐம்பது பார்த்தால் 6. அதைவிடப் பெரிய எல்லை அளவு பற்றியது. பட்டை முறையில் ஐந்து முதல் பத்து மில்லியன் காரம் (டிஎன்ஏ இழையின் ஓர் எழுத்து ஒரு காரம்) நீளமுள்ள மாற்றமே கண்ணுக்குப் படும். ஸ்டெம் செல்களில் அடிக்கடி வரும், 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையிலுள்ள 20க்யூ11.21 பகுதியின் இரட்டிப்போ பெரும்பாலும் அதைவிடச் சிறியது. அந்தப் பகுதியில்தான் செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்2எல்1 மரபணு இருக்கிறது. செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயர்க்கும்போது மற்றவை மடிய, இந்த இரட்டிப்பைச் சுமந்த செல் தப்பித்துப் பெருகும். நரம்புத் திசுவாக மாறும் ஆற்றலோ குன்றும். எங்கள் கொழிஞ்சாம்பாறை வயலில் நெல்லோடு நெல்லாக நின்று கதிர் விடும்வரை பிடிபடாத குதிரைவாலிப் புல்லைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நாங்களாகக் கேட்டு, அந்தப் பகுதிக்கென ஃபிஷ் பரிசோதனை, அதாவது அந்தப் பகுதியில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயப் புள்ளிகளை எண்ணும் பரிசோதனை, செய்யச் சொன்னோம். 200 உட்கருக்களை எண்ணினார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒற்றைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டியபடி ஒளிர்ந்தன, அதாவது அந்தப் பகுதி இரட்டித்திருந்தது. ஆறு நாளில் முடிவு வந்தது, வேலை குறையில்லாதது. இந்தப் பரிசோதனை அவர்களிடம் முன்பே இருந்தது என்று அப்போதுதான் அறிந்தோம். மாதிரிப் படிவத்தில் ஸ்டெம் செல் என்று தெளிவாக எழுதியிருந்தும், இதையும் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கருவுற்ற பெண்களுக்கும் இரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் வடிவமைத்த படிவத்திலேயே எங்கள் செல்களையும் ஏற்றியிருக்கிறார்கள்.

இதை நேரில் சொன்னபோது அம்மையார் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த அறிக்கையின் அடியில், ஐந்து மில்லியன் காரத்துக்குக் குறைவான மாற்றங்கள் இம்முறையில் தெரியா என்ற வரி சேர்ந்திருந்தது. பரிசோதனைப் பட்டியலில் மட்டும் இன்றுவரை ஸ்டெம் செல்லுக்கென்று தனித் தொகுப்பு இல்லை.

தொடர்ந்து அவர்களிடமே போகிறோம், பிறருக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் முப்பது செல்கள் வேண்டும், 20க்யூ ஃபிஷ்ஷும் வேண்டும் என்று படிவத்தில் கையால் எழுதிக் கொடுங்கள். அறிக்கைக்கு மூன்று வாரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழுதான வரிசையை அழித்துவிட்டு, திரவ நைட்ரஜனில் பதினான்காம் பெயர்ப்பில் சேமித்திருந்த குப்பியை உருக்கி, இப்போது நொதி சேர்க்காமல் சிறு திரள்களாகவே பெயர்த்து வளர்க்கிறோம். அதன் முதல் குடுவை போன திங்கட்கிழமை ரயிலேறியது.