சட்டித் தயிரா, கப் யோகட்டா? வீட்டில் பழத்தயிர் ஐஸ் செய்யும் முன்

ஒரே மாம்பழக் கூழ், ஒரே அளவு சீனி. தயிர் மட்டும் மூன்று விதம். ஒரு கிண்ணத்தில் மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து வந்த சட்டி எருமைத்தயிர், அடுத்ததில் வீட்டில் உறைய வைத்த பசும்பால் தயிர், மூன்றாவதில் கடையில் வாங்கிய கப் யோகட். மூன்றையும் ஒரே பிரீசரில், ஒரே தட்டில் வைத்தோம். மறுநாள் பின்னேரம் கல்லடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். கண்ணை மூட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கரண்டியைப் போட்டவுடனேயே எது எது என்று தெரிந்துவிட்டது.

பசும்பால் தயிரில் கரண்டி இறங்கவில்லை. சுரண்டினால் ஐஸ் தூளாக வந்தது, வாயில் போட்டால் முதலில் தண்ணீர், பிறகுதான் மாம்பழம். கப் யோகட் மெதுவாக இருந்தது, ஆனால் கொஞ்சம் இழுவை. அதில் ஏற்கனவே இருந்த சீனியும் வனிலா வாசமும் மாம்பழத்தை அமுக்கிவிட்டன. எருமைத்தயிரை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தபின் கரண்டியால் வழித்தெடுக்க முடிந்தது. புளிப்பு, கொழுப்பு, மாம்பழம் மூன்றும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தன.

காரணம் தண்ணீர்தான். பசும்பாலில் ஏறத்தாழ 87 வீதம் தண்ணீர், கொழுப்பு 4 வீதத்தை ஒட்டி. எருமைப்பாலில் தண்ணீர் 83 வீதமளவில், கொழுப்பு 7 அல்லது 8 வீதம். இந்த வித்தியாசம் குடிக்கும்போது பெரிதாகத் தெரியாது. உறைய வைத்தால் தெரியும். வீட்டுப் பிரீசர் மைனஸ் 18 பாகையளவில்தான் இருக்கும், கலவை அதில் மெல்ல மெல்லத்தான் உறையும். மெல்ல உறையும் தண்ணீர் பெரிய பெரிய பளிங்காகக் கட்டும். கொழுப்பும் புரதமும் இடையில் நின்றால் அந்தப் பளிங்குகள் ஒன்றோடொன்று சேராது. எருமைத்தயிருக்கு இன்னொரு உதவியும் உண்டு: மண்சட்டி. சுட்ட மண் தயிரிலிருக்கும் தண்ணீரில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கப் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் எல்லாச் சட்டியும் ஒன்றல்ல. வாங்கும்போது சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் அது பழைய தயிர், அல்லது பாலில் தண்ணீர் கலந்தது. மேலே ஆடை மஞ்சள் ஏறாமல் வெள்ளையாக, விரலால் தட்டினால் அசையாமல் இருக்க வேண்டும். ஐஸுக்கு அன்றைக்கு உறைந்த தயிர்தான் நல்லது. இரண்டு நாள் புளித்ததை மோருக்கு வைத்துக்கொள்ளலாம். விலையைப் பார்த்து யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டிக்குப் பின்னால் ஒரு பட்டியும், அந்தப் பட்டிக்கு மேய்ச்சல் தரையும் வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காக எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துப் பண்ணையாளர்கள் 2023 இல் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தரை போனால் தயிரும் போகும். இதை நினைத்தே நான் சட்டியை வாங்குகிறேன்.

பசும்பால் தயிர்தான் கையில் இருக்கிறது என்றால் கைவிட வேண்டியதில்லை. சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் நான்கு மணித்தியாலம் தொங்க விடுங்கள். ஒரு கிலோவில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் வடிந்துவிடும். மிச்சம் எருமைத்தயிரை நெருங்கி வரும், எட்டிப்பிடிக்காது. வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சொதிக்கு விட்டால் நல்ல புளிப்பு.

கப் யோகட்டின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரவு எட்டு மணிக்குப் பிள்ளை கேட்டால் சட்டித் தயிருக்கு எங்கே போவது? மூலைக் கடையில் அது இருக்கும். உறைந்தபின் மெதுவாக இருப்பதற்குக் காரணம் அதில் சேர்க்கும் பால்மாவும் ஜெலட்டினும். ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளும், ஹலால் பார்க்கும் வீடுகளும் கப்பின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்க வேண்டும். விரத நாளில் விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரிந்து வருந்தியவள் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பழத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பிழை நடக்கும்.

அன்னாசியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வைகாசி மாதக் கோயில் சடங்குக்கு வந்த சொந்தக்காரர்களுக்காக முதல்நாள் இரவே அன்னாசியை வேகவைக்காமல் பச்சையாகவே அடித்து, நல்ல எருமைத்தயிரில் கலந்து பிரிட்ஜில் வைத்தேன், காலையில் பிரீசருக்கு மாற்றலாம் என்று. காலையில் பார்த்தால் தயிர் தண்ணியாகி இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு. தயிர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கொண்டுவந்தவரை மனதுக்குள் திட்டினேன். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. அன்னாசியில் புரோமெலின் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். தயிரைக் கட்டியாக வைத்திருப்பதே புரதம்தான். அது வெட்டுப்பட்டால் கட்டி உடையும், வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். அன்னாசியைப் பச்சையாகத் தின்றால் நாக்கு எரிவதும் இதனால்தான்.

வழி எளிது. அன்னாசியைச் சிறிதாக அரிந்து, சீனி போட்டு, அடுப்பில் ஐந்தாறு நிமிடம் கொதிக்க விடுங்கள். சூட்டில் அந்த நொதியம் செத்துவிடும். இன்னும் பத்து நிமிடம் வைத்து வற்றவிட்டால் பழத்தின் தண்ணீரும் குறையும், ருசி இறுகும். முழுக்க ஆறியபின் தயிரில் கலவுங்கள். இப்படிச் செய்த அன்னாசி ஐஸ் எங்கள் வீட்டில் மாம்பழத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. டின் அன்னாசி ஏற்கனவே வெந்தது என்பதால் அதை நேரே கலக்கலாம், ஆனால் வாசம் பாதிகூட இல்லை. பப்பாசியிலும் இதுபோன்ற நொதியம் உண்டு. அது காயின் பாலில்தான் அதிகம், நன்றாகப் பழுத்ததில் குறைவு. பழுத்த பப்பாசியைக் கலந்த கையோடு உறைய வைத்தால் பிரச்சினை வராது. வாசம் பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள்.

மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பானுக்குச் சமம் எதுவும் இல்லை. நார் குறைவு, சதை இறுக்கம், தண்ணீர் கொஞ்சம். நார் அதிகமுள்ள நாட்டு மாம்பழம் என்றால் அரிதட்டில் வடித்தெடுக்க வேண்டும், அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கொடித்தோடம்பழம் வேறு ஜாதி. எருமைத்தயிரின் கொழுப்பு மெல்லிய வாசங்களை விழுங்கிவிடும், கொடித்தோடையை அதனால் விழுங்க முடியாது. நாலு பழத்தின் சாறு அரைக் கிலோ தயிருக்குப் போதும். விதையோடு கலப்பதா வடிப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. நான் விதையோடு கலக்கும் கட்சி, கடிபடும் சத்தத்துக்காகவே.

கொய்யாவை எருமைத்தயிரில் போட்டால் காணாமல் போகும். அதற்கு வடித்த பசும்பால் தயிர்தான் சரி, ஒரு சிட்டிகை உப்போடு. வத்தகப்பழத்தைத் தயிரோடு சேர்க்கவே வேண்டாம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். தனியாக அடித்து ஐஸ்பழ அச்சில் ஊற்றி உறைய வையுங்கள், அது அதற்கே உரிய அழகு. நுவரெலியா ஸ்ட்ரோபெரி இங்கே வந்து சேரும்போது விலையும் ஏறி, பழமும் நசுங்கிவிடும். படத்தில் பார்க்கும் சிவப்புக்காக அதை வாங்குகிறவர்களுக்கு நான் விளாம்பழத்தைக் காட்டுவேன். சதையைக் கரைத்து, விதையும் நாரும் போக வடித்து, கித்துள் பாணி சேர்த்துத் தயிரில் கலந்தால் மண்நிறத்தில் பார்க்கச் சுமார்தான், ருசிக்கு ஈடே இல்லை. அதன் துவர்ப்பு கொழுப்பை வெட்டும். அம்மம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தந்து, “மகள், இதில இன்னும் கொஞ்சம் இரிக்கா?” என்று கேட்டார்.

இனிப்பை ருசிக்கு மட்டும் போடுவது என்று நினைத்து அளவைக் குறைத்தால் ஐஸ் கல்லாகிவிடும். கரைந்த சீனி தண்ணீரை முழுக்க உறைய விடாது. அரைக் கிலோ எருமைத்தயிர், 300 கிராம் மாம்பழக் கூழ், 100 முதல் 120 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. இதுதான் என் அளவு. கலவையை ருசி பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகவே இனிக்க வேண்டும், ஏனென்றால் குளிரில் நாக்கு இனிப்பைக் குறைத்தே உணரும். கித்துள் பாணியும் தேனும் சீனியைவிட மெதுவாக வைத்திருக்கும், ஆனால் இரண்டுக்கும் சொந்த வாசம் உண்டு. பாணியை விளாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் வையுங்கள், மாம்பழத்துக்குச் சீனிதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. டின்பால் ஊற்றினால் நிச்சயம் மெதுவாக வரும். ஆனால் தயிரின் புளிப்பு செத்துவிடும். பிறகு எதற்குத் தயிர்?

செய்முறையில் சோம்பேறிகளுக்கு உகந்தது வாழைப்பழ வழி. கோழிக்கூட்டு வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி, முதல்நாளே பிரீசரில் கல்லாக்கி, சாப்பிடும் நேரத்தில் எருமைத்தயிரோடு பிளெண்டரில் அடிப்பது. ஐந்தே நிமிடம், உடனே சாப்பிட வேண்டும். மறுபடி உறைய வைத்தால் அந்த மென்மை திரும்பாது. சின்ன பிளெண்டர் என்றால் பாதி பாதியாக அடியுங்கள், மோட்டார் சூடாகிவிடும்.

அடுத்தது தட்டு வழி. கலவையை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றிப் பிரீசரில் வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்து முள்ளுக்கரண்டியால் ஓரத்திலிருந்து உடைத்துக் கிளறுவது. நாலைந்து தடவை கிளறினால் போதும். கடைசியில் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டைக் கலவையின் மேலேயே ஒட்ட வைத்து மூடுங்கள். காற்று இடைவெளி இருந்தால் மேலே பனி படியும், கருவாட்டு வாசமும் ஏறும். எங்கள் ஊர்ப் பிரீசர்களில் மீன் இல்லாத பிரீசர் எது? ஐஸ்பழ அச்சு வழிக்குக் கிளறல் தேவையில்லை, பிள்ளைகளுக்கும் குச்சி பிடித்துச் சாப்பிடப் பிடிக்கும். கொஞ்சம் கல்லாக இருந்தாலும் ஐஸ்பழம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிரீசரே வேண்டாத வழியும் ஒன்று இருக்கிறது. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் மச்சாள் சொல்லித் தந்தது. மீன்காரர்கள் வாங்கும் ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்து, பெரிய பிளாஸ்டிக் வாளியில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்க வேண்டும். நடுவில் மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதில் பாதியளவு மட்டும் கலவை. உப்புப் பட்ட ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் போகும். சரியாக அமைந்தால் மைனஸ் 21 பாகை வரைகூட இறங்கும். உருகிய உப்புத் தண்ணீர் சட்டியின் சுவரை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டு நிற்பதால், பிரீசரின் குளிர்காற்றைவிட மிக வேகமாகச் சூட்டை இழுக்கும்.

தூக்குச்சட்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, சுவரில் ஒட்டியதை அகப்பையால் வழித்து நடுவில் தள்ளுங்கள். துடைக்காமல் திறந்தால் ஒரு துளி உப்புத் தண்ணீர் விழுந்து எல்லாம் பாழ். வாளியில் இருப்பது தின்னும் ஐஸும் அல்ல, அதனால் மூடி இறுக்கமாக இருப்பது முக்கியம். வெறுங்கையை அந்த ஐஸுக்குள் விடக் கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

முப்பது, நாற்பது நிமிடத்தில் கலவை இறுகிவரும். வேகமாகவும் அசைந்துகொண்டும் உறைவதால் பளிங்கு பெரிதாகக் கட்ட நேரமில்லை. தட்டு வழியில் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாளியில் செய்தது பட்டுப்போல் இருக்கும், கப் யோகட்டில் வரும் இழுவையும் இல்லை. கை வலிக்கும், உண்மைதான். அதற்காகத்தான் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று. இப்போது மின்சாரம் ஒழுங்காக வருகிறது, பிரீசரும் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஆட்கள் கூடுகிற நாளில், மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடுகிற பின்னேரத்தில், நாங்கள் எடுப்பது அந்த வாளியைத்தான்.