புதிர்த் தளமா, சொந்த ப்ராஜெக்டா: கோடிங்கில் கை தேற எது உதவும்?

ஒரு நிரல்மொழியின் அடிப்படை பிடிபட்டதும் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி வரும். லீட்கோட், கோட்ஃபோர்சஸ் போன்ற தளங்களில் புதிர் போட்டுப் பழகலாம். காணொளிப் பாடத்தைப் பார்த்தபடி கூடவே எழுதலாம். இல்லையென்றால், யாரும் கேட்காத ஒரு சின்ன ப்ராஜெக்டை நாமே தொடங்கலாம். நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

காணொளிப் பாடம் புதிதாக ஒன்றை அறிமுகம் செய்துகொள்ள நல்லது. ஆனால் எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு), எந்த அமைப்பு, எதை விட்டுவிடுவது என்ற முடிவையெல்லாம் பாடம் எடுப்பவரே எடுத்துவிடுகிறார். கற்க வேண்டியதே அந்த முடிவெடுக்கும் திறன்தான்.

புதிர்த் தளங்களை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒரு லட்சம் எண்களில் ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதா என்று பார்க்க, லூப்புக்குள் லூப் போட்டு ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஆயிரம் கோடி சுற்று வரை போகும். வரிசைப்படுத்திவிட்டுப் பக்கத்துப் பக்கத்து எண்ணை ஒப்பிட்டால் சுமார் 17 லட்சம் ஒப்பீட்டில் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கு மனதில் தானாக ஓடத் தொடங்குவது புதிர்ப் பயிற்சியால்தான். சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடுவதும் பெரிய வசதி. வேலைக்கான நேர்காணல் நெருங்கிவிட்டது என்றால் யோசிக்காமல் புதிர்ப் பக்கம் போகலாம்.

ஆனால் புதிருக்கு எழுதிய கோடை யாரும் திரும்பத் திறப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளீடு எப்படி வரும் என்பதையும் கேள்வியே சொல்லிவிடும்.

என் ப்ராஜெக்ட் மிகச் சாதாரணமானது. குவிந்து கிடக்கும் புகைப்படங்களை எடுத்த தேதிப்படி ஃபோல்டர்களில் பிரித்துப் போடும் ஒரு பைதான் ஸ்கிரிப்ட். படத்துக்குள் எக்ஸிஃப் தகவலாக, அதாவது கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் குறிப்பாக, தேதி இருக்கும், அதைப் படித்தால் போதும் என்றுதான் தோன்றும். செய்யச் செய்யத்தான் விஷயம் விரியும். வாட்ஸாப்பில் வழக்கமாக வந்து சேரும் படங்களில் அந்தத் தகவல் இருப்பதில்லை, அங்கே கோப்பின் பெயரிலிருந்துதான் தேதியை எடுக்க வேண்டும். நேர மண்டலத்தைக் குறிக்கும் இடம் எக்ஸிஃப்பில் 2016-இல்தான் வந்தது, அதனால் பழைய படத்தில் இரவு பதினொரு மணி என்றிருந்தால் எந்த ஊர் பதினொரு மணி என்று தெரியாது. இந்தக் கேள்விகளை எந்தப் புதிரும் என்னிடம் கேட்டதில்லை.

என்னைப் பொறுத்தவரை இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டுவது பராமரிப்புதான். மாதங்கள் கழித்து நம் கோடையே திறக்கும்போது அதை எழுதியவர் வேறு யாரோ போல இருக்கும். அன்று கெட்டிக்காரத்தனமாக ஒரே வரியில் அடைத்த லாஜிக் இன்று அரை மணி நேரத்தைத் தின்னும். பொறுமையாக ஐந்து வரியில் எழுதிய இடம் கண்ணால் பார்த்ததுமே புரியும். புதுப் போன் படங்களை ஜேபெக்குக்குப் பதிலாக ஹெய்க் வடிவில் சேமிக்க ஆரம்பித்தபோது, தேதியைப் படிக்கும் ஃபங்ஷன் தனியாக இருந்ததால் அந்த ஒரு இடத்தைத் தொட்டால் போதுமாக இருந்தது. கோப்பை நகர்த்தும் பகுதிக்கு எதுவுமே தெரியவேண்டியிருக்கவில்லை. எளிமையாக எழுது என்று எத்தனை பேர் சொன்னாலும் ஏறாதது இப்படி ஒரு தடவை பட்டால் ஏறிவிடும்.

லைப்ரரிகள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சேர்க்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் கடைசிவரை நாம்தான் சுமக்க வேண்டும். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பொதியை அதன் ஆசிரியர் நீக்கினார். வெறும் 11 வரி கோட்தான், ஆனால் அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஆயிரக்கணக்கான ப்ராஜெக்டுகளின் பில்ட் (கோடை ஓடும் நிலைக்குத் தயார்செய்யும் வேலை) உடைந்தது. பைதான் மொழியின் பழைய பதிப்பான பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றபோதும் கோடை நீண்ட காலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரிந்தது. அப்புறம், இப்போதெல்லாம் ஒரு லைப்ரரியைச் சேர்க்கும் முன் இதை நானே இருபது வரியில் எழுத முடியுமா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தேதிக் கணக்கு, தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் மாதிரி விஷயங்களில் மட்டும் தேர்ந்த லைப்ரரியையே எடுப்பேன்.

சின்னது என்று தயங்கவும் வேண்டாம். டேனியல் ஸ்டென்பெர்க் என்ற நிரலர் நாணய மாற்று விகிதங்களை இணையத்திலிருந்து எடுக்க வைத்திருந்த சிறு கருவிதான் வளர்ந்து 1998-இல் கர்ல் என்ற பெயர் பெற்றது; இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் இன்று உலகெங்கும் பயன்படும் கருவி அது. எல்லாமே அப்படி வளராது, வளரவும் வேண்டியதில்லை.

சொந்த ப்ராஜெக்டில் ஒரு உண்மையான குறை உண்டு. நம் கோடை வேறு யாரும் படிப்பதில்லை, அதனால் தவறான பழக்கம் ஒன்று வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். யாரும் கோடைப் பார்க்கக்கூடிய பெரிய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு பேட்ச் (கோடில் நாம் செய்த திருத்தம்) அனுப்பினால் அந்தக் குறை தீரும் என்கிறார்கள். அதில் என் அனுபவம் சில ஆவணத் திருத்தங்களோடு சரி, எனவே அழுத்திச் சொல்லமாட்டேன். பெரிய போட்டிகளில் ஆடி உயர்ந்தவர்கள் புதிர்களைப் பற்றி என்னைவிட உயர்வாகப் பேசலாம், அதிலும் நியாயம் இருக்கும்.

எதைச் செய்வது என்று தேடுகிறவர்கள் உள்ளீடு அடிக்கடி மாறும் வேலையாகப் பார்த்து எடுங்கள்: படங்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, தினமும் மாறும் ஏதோ ஒரு வலைப்பக்கம். ஒரு வார இறுதியில் முதல் வடிவம் ஓடிவிட வேண்டும், நீங்களே அதை வாரம் ஒரு முறையாவது பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தாத கருவி உடைந்தாலும் நமக்குத் தெரியவராது.