நகரத்துக் குடியிருப்புத் தெருவில் பன்னிரண்டு வருடம்: என் மதிப்புரை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் தெருவுக்கு 5-க்கு 4, இதற்கு முன்னால் இருந்த தெருவுக்கு 5-க்கு 2. இரண்டும் ஒரே நகரத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆறு நிமிட நடை. இரண்டுமே மூன்று மாடிக் கட்டடங்கள்தான், வீட்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அங்கே ஐந்து வருடமும் இங்கே ஏழு வருடமும் இருந்த எனக்கு இரண்டும் இரண்டு வேறு ஊர்கள் மாதிரி இருந்தன. வீடு தேடுகிறவர்கள் சமையலறை, குளியலறை, வெளிச்சம் என்று வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், தெருவை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல காற்று, பெரிய சமையலறை, இரண்டு பக்கமும் ஜன்னல். நாங்கள் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது, அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை காலை ஏழரைக்குத்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் குறுக்குவழி அது. பெரிய சாலையில் நெரிசல் என்றால் கைபேசி வரைபடம் அத்தனை வண்டிகளையும் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் திருப்பிவிடும். ஜன்னலைத் திறந்தால் பேச முடியாது, மூடினால் புழுக்கம். கடைசியில் படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றி, முன்பக்கத்து நல்ல அறையில் சாமான்களைப் போட்டு வைத்தோம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவில் சாலைப் போக்குவரத்துச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. நான் கைபேசியில் அளந்து பார்த்தபோது இரவு பதினொரு மணிக்கும் 60-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கைபேசி அளவு துல்லியமானது இல்லை, சரி, ஆனால் 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை வைத்துப் பார்த்தால் நாங்கள் தூங்காததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

சத்தத்தைக்கூட ஒருவிதமாகப் பழகிக்கொண்டோம். பழக முடியாமல் போனது வேறு. அந்த ஐந்து வருடத்தில் தெருவில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். எதிர்ச்சாரியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, ஏனென்றால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போவதே ஒரு வேலை. யாருடனும் ஒட்டாத சுபாவம் எனக்கு வந்துவிட்டதோ என்று ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கிறேன். பிறகுதான் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆய்வு அது. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டி, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் இருந்தார்கள். வண்டி அதிகமான தெருவில் அது 0.9 நண்பர், 3.1 அறிமுகம். அந்த எண்களைப் பார்த்த அன்றைக்கு மனசு லேசாகிவிட்டது. என் சுபாவம் அப்படியேதான் இருந்தது, தெருதான் இடம் கொடுக்கவில்லை.

இப்போது இருக்கும் தெரு நடுவில் வளைந்து, அகலமும் குறைந்து, இங்கே வீடு இல்லாதவர்கள் வண்டியில் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி அமைந்திருக்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1960-களின் கடைசியில் இதையே வேண்டுமென்று செய்தார்கள், தெருவை வளைத்து, செடித்தொட்டி வைத்து, வண்டிகள் நடக்கிற வேகத்தில் போகும்படி. 1976-இல் அந்த நாட்டில் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் நடுத்தெருவில் சைக்கிள் ஓட்டுவார்கள், வருகிற ஒன்றிரண்டு வண்டிகளும் அவர்களுக்காக நிற்கும். முதல் மாடி ஜன்னலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், முனையில் ஒரு தையற்காரர். குடிவந்த மூன்றாம் மாதமே இருவருக்கும் என் மகளின் பெயர் தெரியும்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், எங்களுக்குத் தகவல் வரவில்லை, வீடு பூட்டியிருந்தது. வாசலில் அவள் திகைத்து நின்றதைப் பாட்டி பார்த்து, ஜன்னலிலிருந்தே தையற்காரரைக் கூப்பிட்டு, அவர் அவளைத் தன் கடையில் உட்காரவைத்து எனக்குப் போன் செய்தார். நான் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. வந்து பார்த்தால் அவள் துணிக்குப் பொத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கிளம்ப மனசே இல்லை. பழைய தெருவில் இதே நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது?

எதிரே ஒரு வீட்டை இடித்துக் கட்டினார்கள், பதினான்கு மாதம். குடியிருப்புப் பகுதி என்றால் அமைதி என்று நினைத்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தெருவிலும் எப்போதும் யாராவது ஒருவர் எதையாவது இடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். வண்டி நிறுத்துகிற சண்டை இங்கேயும் உண்டு. அப்புறம் தெருவிளக்கு. வெள்ளை எல்ஈடி விளக்கு மாற்றியபோது படுக்கையறைச் சுவரில் நிலவு அடித்த மாதிரி வெளிச்சம், திரையையும் மீறி வந்தது. நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இலேயே சொல்லி, தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்). இரண்டு முறை எழுதிக் கொடுத்த பிறகு விளக்கின் மேல் ஒரு மறைப்புத் தகடு பொருத்தினார்கள், இப்போது பரவாயில்லை. நீங்களும் எழுதிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.

மரம் போதாது. வீட்டு ஜன்னலிலிருந்து மூன்று மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும் என்று செசில் கொனைனென்டைக் என்ற நகர்ப்புற மர ஆய்வாளர் ஒரு எளிய அளவுகோல் சொல்லியிருக்கிறார். என் ஜன்னலிலிருந்து இரண்டு மரம் தெரிகிறது, பூங்காவுக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கோடையில் நண்பகலில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் நடப்பதில்லை.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருப்பது குறையா நிறையா என்று இன்னமும் எனக்கு முடிவாகவில்லை. வேலையை விட்ட வாரம், பகலில் வீட்டில் இருந்ததைப் பார்த்து நான்கு பேர் விசாரித்தார்கள். பதில் சொல்லவே தெம்பில்லாத நாட்கள் அவை. அதே நான்கு பேரில் ஒருவர்தான் தனக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி அடுத்த வேலைக்கு வழி காட்டினார். தனியாக, யார் கண்ணிலும் படாமல் இருக்க விரும்புகிறவர்களுக்கு இந்த மாதிரித் தெரு நிச்சயமாகச் சிரமம், அவர்கள் பெரிய அடுக்குமாடிக் கட்டடம் பார்ப்பது நல்லது.

பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு முறை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலைநாள் காலை எட்டு மணிக்கு ஒரு தரம், இரவு பதினொரு மணிக்கு ஒரு தரம், முடிந்தால் நல்ல மழை பெய்து விட்ட கையோடு ஒரு தரம் போங்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வெறுங்கையோடு நடக்காமல் கையில் கனமான பையோடு நடந்து பாருங்கள், வழியில் எத்தனை பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பாருங்கள், பெற்றவர்கள் தெருவை நம்புகிறார்களா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு ஓனர் அடுத்த வருடம் இந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார், எங்களைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். இதே தெருவில் நான்கு வீடு தள்ளி மாடியில் ஒன்று காலியாகிறது என்று தையற்காரர்தான் வந்து சொன்னார். ஒரு அறை குறைவு, சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. நேற்று முன்பணம் கொடுத்துவிட்டோம்.