சிட்டி ஹைப்ரிடா, சிட்டி பெட்ரோலா? டீசலை விட்டு வந்தவனின் கணக்கு

டீசல் ஹோண்டா சிட்டி வைத்திருந்தவர்கள் அடுத்து என்ன வாங்குவது என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகளின் இரண்டாம் கட்டம் வந்ததை ஒட்டி ஹோண்டா இந்தியாவில் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. என்னிடம் இருந்தது 2014-ல் அறிமுகமான நான்காம் தலைமுறை சிட்டி. 1.5 லிட்டர் டீசல், 100 குதிரைத்திறன், ஆறு கியர். சத்தம் உண்டு, கிளட்ச் மிதித்து முழங்கால் வலிக்கும், ஆனால் பங்க் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்காது. அதே பெயரில், கிளட்ச் மிதிக்க வேண்டாத அடுத்த வண்டி என்றால் மிச்சம் இருந்தது இரண்டு வழிதான். ஒன்று, சி.வி.டி. ஆட்டோமேட்டிக் (தனித்தனி கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) வைத்த பெட்ரோல். இன்னொன்று, இ-எச்.இ.வி. என்று பெயர் வைத்திருக்கும் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. நான் ஹைப்ரிட் எடுத்தேன். என் மைத்துனர் பெட்ரோல் சி.வி.டி. எடுத்தார். இரண்டும் சென்னையில்தான் ஓடுகின்றன. அவசரத்துக்கு வண்டியை மாற்றிக்கொள்வதும் உண்டு என்பதால் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஹைப்ரிட்தான் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்கிற எல்லோருக்கும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அது ஏன் என்பதற்கான கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடப் போகிறேன்.

உருவம், இருக்கை, பின்சீட்டில் கால் நீட்டும் இடம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பழைய சிட்டியோடு ஒப்பிட்டால் பின்சீட் இன்னும் தாராளம், கதவு மூடும் சத்தமே கனமாகக் கேட்கிறது. 2023 மார்ச்சில் முன்பக்கம் கொஞ்சம் மாற்றி வந்த வண்டி இது. ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கிடைப்பவை பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பட்டனில் வேலை செய்யும் ஹேண்ட்பிரேக், சிக்னலில் நிறுத்தினால் காலை எடுத்தாலும் வண்டியைப் பிடித்துவைக்கும் வசதி. பெட்ரோலில் பின்னால் டிரம் பிரேக், கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து நிற்கும் வரை அது வேலை செய்வது ஹைப்ரிடில்தான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். பெட்ரோலில் 1.5 லிட்டர், 121 குதிரைத்திறன், மென்மையான எஞ்சின். ஹைப்ரிடிலும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்தான், ஆனால் 98 குதிரைத்திறன்தான். நகரத்தில் பெரும்பாலும் அது சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் கொடுக்கிறது. சக்கரத்தை ஓட்டுவது 109 குதிரைத்திறன் மின் மோட்டார். அந்த மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது இழுக்கும் வலு, 253 நியூட்டன் மீட்டர். என் பழைய டீசலில் 200, மைத்துனரின் பெட்ரோலில் 145. டீசல் ஓட்டிப் பழகிய காலுக்கு இந்த வித்தியாசம் முதல் சிக்னலிலேயே தெரியும். பெட்ரோல் சி.வி.டி.யில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் முதலில் சத்தம் போடும், வண்டி அப்புறம் வரும். ஹைப்ரிடில் மிதித்தவுடன் நகர்கிறது. டீசலில் டர்போ விழிக்கக் காத்திருந்த அந்த ஒரு நொடியும் இதில் இல்லை.

நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினைச் சக்கரத்தோடு நேரடியாக இணைத்துவிடும். இந்த விஷயம் நினைவில் இருக்கட்டும், கணக்குக்கு இதுதான் முக்கியம்.

சென்னையில் ஓட்டுபவருக்கு இன்னொரு பெரிய நிம்மதி ஏ.சி. இதில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றிருந்தாலும் குளிர் நிற்காது. மே மாதம் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காக ஒரு பாதையை மறித்துவைத்திருக்கும் இடத்தில், மதியம் இரண்டு மணிக்கு எஞ்சின் சத்தமே இல்லாமல் குளிரக் குளிர உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அணைந்துவிடும். பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது தெரிவதே இல்லை.

சரி, கணக்கு.

2023 மார்ச்சில் இந்த வண்டி வந்தபோது, வசதிகள் நிறைந்த இசட்.எக்ஸ். வகையில் பெட்ரோல் சி.வி.டி.யின் ஷோரூம் விலை 15.97 லட்சம், ஹைப்ரிட் 20.39 லட்சம். வித்தியாசம் சுமார் நாலரை லட்சம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சாலை வரியைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்தது. 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். அந்த விலைக்குப் பெட்ரோலுக்கு வரி சுமார் 2.87 லட்சம், ஹைப்ரிடுக்கு 4.08 லட்சம். ஆக மொத்த வித்தியாசம் 5.6 லட்சம். இன்சூரன்ஸ் வேறு. கவனித்துப் பாருங்கள், 20 லட்சம் என்ற கோட்டை வெறும் 39 ஆயிரம் தாண்டியதற்கே 40 ஆயிரம் ரூபாய் கூடுதல் வரி. ஹைப்ரிடிலேயே அதற்குக் கீழ் வகையான வி, அப்போது 18.89 லட்சம். அது இந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றது. உத்தரப்பிரதேசத்தில் 2024 ஜூலையில் மின் மோட்டாரிலேயே ஓடக்கூடிய இப்படிப்பட்ட ‘ஸ்ட்ராங்’ ஹைப்ரிட்களுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தார்கள். இங்கே நான் வாங்கியபோது மின்சாரக் காருக்கு வரி இல்லை, ஹைப்ரிடுக்கு ஒரு ரூபாய் சலுகையும் இல்லை. பெட்ரோல் செலவைப் பாதியாகக் குறைக்கிற வண்டிக்கு, விலை அதிகம் என்ற ஒரே காரணத்தால் கூடுதல் சதவீதத்தில் வரி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த 5.6 லட்சம் பெட்ரோலில் திரும்பி வருமா? நிறுவனம் சொல்லும் மைலேஜ் ஹைப்ரிடுக்கு லிட்டருக்கு 27.13 கிலோமீட்டர், பெட்ரோல் சி.வி.டி.க்கு 18.4. அதை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் இரண்டு வண்டிகளின் ஓட்டத்தை வைத்துச் சொல்கிறேன். நகரத்து நெரிசலில் ஏ.சி. போட்டு ஓட்டினால் பெட்ரோல் 11 கொடுக்கிறது, ஹைப்ரிட் 21 கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பெட்ரோல் 17, ஹைப்ரிட் 20. மழை, டயர் காற்று, ஓட்டுபவர் கால் இவற்றைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடக் குறைய வரும்.

இதை 100 கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். நகரத்தில் 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி 9.1 லிட்டர் குடிக்கிறது, ஹைப்ரிட் 4.8 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் சுமார் 435 ரூபாய். நெடுஞ்சாலையில் அதே 100 கிலோமீட்டருக்கு 5.9 லிட்டரும் 5 லிட்டரும். மிச்சம் 90 ரூபாய்தான். ஒரே வண்டி, ஒரே தூரம், ஆனால் எங்கே ஓடியது என்பதைப் பொறுத்து லாபம் ஐந்து மடங்கு மாறுகிறது.

காரணம் எளிது. நகரத்தில் பெட்ரோல் வண்டி நிற்கும்போதும் குடிக்கிறது, ஊரும்போதும் குடிக்கிறது, பிரேக் போடும்போது அத்தனையையும் சூடாக்கி வீணாக்குகிறது. ஹைப்ரிட் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறது, பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அந்த வேகத்தில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் நிற்பதும் இல்லை, பிரேக்கும் இல்லை. மேலே சொன்ன கிளட்ச் பூட்டிக்கொண்டால் அதுவும் கிட்டத்தட்ட ஒரு சிக்கனமான பெட்ரோல் கார்தான். அதோடு பேட்டரி, மோட்டார் என்று நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடையையும் சுமந்துகொண்டு போகிறது.

வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நகரம் என்றால் வருடம் 65 ஆயிரம் மிச்சம். வித்தியாசத் தொகை திரும்ப எட்டரை வருடம். 20,000 கிலோமீட்டர் என்றால் ஆறரை வருடம். அதே 15,000 முழுக்க நெடுஞ்சாலை என்றால் வருடம் 13,500 ரூபாய். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகும், அதாவது திரும்பவே திரும்பாது. திருச்சிக்கும் சென்னைக்கும் வாரந்தோறும் போய்வரும் ஒருவர் மைலேஜ் ஆசையில் ஹைப்ரிட் வாங்கினால் அவர் கொடுக்கிற பணம் வசதிக்குத்தான், சேமிப்புக்கு இல்லை. கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து "நிறைய ஓட்டுகிறேன், அதனால் ஹைப்ரிட்" என்று முடிவு செய்பவர்களில் பலர் நெடுஞ்சாலைக்காரர்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே அல்லாடுகிறவருக்குத்தான் இந்த வண்டி உழைக்கும்.

என் ஓட்டம் பெரும்பகுதி நகரம், ஒரு காரை எட்டுப் பத்து வருடம் வைத்திருக்கிற வீடு. அதனால் கணக்கு எனக்குக் கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. மீதி இடைவெளியை அந்த ஏ.சி.க்கும் அமைதிக்கும் மனதாரக் கொடுத்தேன். விலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, வாங்குகிற அன்று ஆன்ரோடு விலையை வைத்து இதை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியிடம் ஹைப்ரிட் தோற்கிற இடம் டிக்கி. பெட்ரோலில் 506 லிட்டர், ஹைப்ரிடில் 306. பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போனால் திரும்பும்போது அரிசி, தேங்காய், அல்வா, அப்புறம் சித்தி கொடுத்துவிடும் ஊறுகாய் ஜாடி என்று சாமான் இரட்டிப்பாகும். பழைய சிட்டியில் யோசிக்காமல் போட்டோம். இப்போது பை பையாகப் பிரித்து, ஒன்றிரண்டை பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் நெருக்க வேண்டியிருக்கிறது. செடான் வாங்குவதே டிக்கிக்காகத்தான் என்ற வீட்டில் இதைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு வீட்டுக் குடும்பமும் சேர்ந்து ஊருக்குப் போகும்போது பெரிய பெட்டிகள் மைத்துனர் வண்டியில்தான் போகின்றன.

மலைப்பாதையிலும் ஒரு குணம் தெரியும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறினால், முதலில் சத்தமில்லாமல் இழுக்கும். சின்ன பேட்டரிதானே, பாதி மலையில் இறங்கிவிடும். அப்புறம் எஞ்சின் உச்சத்தில் கத்திக்கொண்டே ஏறும். இழுவை பெரிதாகக் குறைவதில்லை, சத்தம்தான். இறங்கும்போது தலைகீழ். கொஞ்ச தூரத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும், அதன் பிறகு வண்டியைப் பிடித்துவைக்க எஞ்சின் சுழலும். முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். ஒன்றுமில்லை.

பராமரிப்பில் இதுவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எஞ்சின் ஆயில், ஃபில்டர் எல்லாம் ஒரே மாதிரி. ஹைப்ரிடில் சி.வி.டி. பெல்ட் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. கெட்டுப்போகக்கூடிய சாமான்களில் சில குறைவு. பிரேக் பேட் மெதுவாகத்தான் தேய்கிறது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துச் சொல்ல முடியாது, என் வண்டி இன்னும் வாரண்டிக்குள்தான் இருக்கிறது. ரீசேல் கதையும் அப்படித்தான். பழைய பெட்ரோல் சிட்டிக்கு எங்கேயும் ஆள் உண்டு. ஹைப்ரிடைப் பற்றி நான் விசாரித்த யூஸ்டு கார் வியாபாரிகள் ஆளுக்கு ஒரு விலை சொன்னார்கள், அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்றுதான் தோன்றியது. நாலைந்து வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் பெட்ரோல் எடுப்பதே பாதுகாப்பு.

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்களையும் பார்த்தேன். மைலேஜில் சளைத்தவை இல்லை, உயரமாக இருப்பதால் பெரியவர்கள் ஏறி இறங்க வசதி, வேகத்தடையில் அடி தட்டாது. ஐந்து பேரோடு போனால் என் சிட்டி சில இடங்களில் உரசுகிறது. ஆனால் அவற்றில் மூன்று சிலிண்டர் எஞ்சின். அது எழும்போது வரும் அதிர்வு, சிட்டியின் நான்கு சிலிண்டருக்குப் பிறகு எனக்கு ஒத்துவரவில்லை. அவற்றிலும் பேட்டரி டிக்கியைக் கடித்துத்தான் இருக்கிறது.

டெஸ்ட் டிரைவுக்குக் காலை பத்து மணிக்குக் காலி ரோட்டில் அழைத்துப்போவார்கள். அதில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் பாதிகூடத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு, உங்கள் ஆபீஸ் பாதையில், ஏ.சி. போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே பாதையில் பெட்ரோல் சி.வி.டி.யையும் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். கையோடு வீட்டில் இருக்கிற பெரிய சூட்கேஸ் இரண்டைக் கொண்டுபோய் ஹைப்ரிட் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள்.